இடுப்பு எலும்பு விலகுமா?

போன தை மாதம் பெரியம்மா அரிசி மூட்டையை ஓரமாக நகர்த்தக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுக்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு விலகியிருக்கு, இடது பக்கம் மேல ஏறிடுச்சு" என்றார். முதுகில் உலக்கையை உருட்டினார். காலை மடக்கி ஒரு இழுப்பு. 'கடக்' என்று சத்தம். "உட்கார்ந்துடுச்சு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். நான்கைந்து நாளில் பெரியம்மா பழையபடி கோயிலுக்கு நடக்க ஆரம்பித்தார்.

இதே கதையை இப்போது செல்போனில் வேறு உடுப்பில் பார்க்கிறேன். "உங்கள் பெல்விஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது", "சேக்ரம் இடம் மாறியிருக்கிறது, மூன்று நிமிடத்தில் சரிசெய்யலாம்" என்று ஆளுக்கொரு வீடியோ. மொட்டை மாடியில் யோகா வகுப்பு எடுக்கிறவள் நான். வாரம் ஒருவராவது பாயை விரிக்கும் முன்பே, "எனக்கு இடுப்பெலும்பு விலகியிருக்கு, பார்த்து சொல்லிக் கொடுங்க" என்கிறார்கள். விலகுகிற அளவுக்கு அந்த இடத்தில் என்ன அசைகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எனக்கும் தெரியாது.

ஒரே சொல், மூன்று இடம்

குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். சேலையை இடுப்பில் செருகுகிறோம். குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தாத்தாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. நான்கு வாக்கியத்திலும் 'இடுப்பு'தான். ஆனால் அவை சொல்லும் இடம் ஒன்றல்ல.

சேலை செருகும் இடம் விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் உள்ள மென்மையான பகுதி. பிடித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் கீழ் முதுகு, அதாவது முதுகெலும்பின் கடைசி ஐந்து தனித்தனி எலும்புகள் இருக்கும் பகுதி. அறுவை சிகிச்சை நடக்கும் இடமோ தொடை எலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் உட்காரும் மூட்டு. அதைத் தொட்டுக் காட்டச் சொன்னால் எல்லோரும் தொடையின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பைக் காட்டுவார்கள். உண்மையில் அந்த மூட்டு இருப்பது முன்பக்கம், தொடையிடுக்கில், ஆழத்தில். குத்தவைத்து உட்காரும்போது எங்கே மடிப்பு விழுகிறதோ, அங்கே.

இந்தக் கட்டுரையின் நாயகன் இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறொரு எலும்பு.

கையால் தேடுவோம்

எழுந்து நின்று, சண்டைக்கு நிற்பதுபோல் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். கையின் ஓரம் ஒரு எலும்பு விளிம்பின் மேல் உட்காரும். அப்படியே கட்டைவிரல்களைப் பின்பக்கம் நகர்த்திக் கீழே இறக்குங்கள். பிட்டத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும், இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். பலருக்கு அங்கே தோலில் இரண்டு சிறு குழிகள் தெரியும். அந்த இரண்டு முனைகளுக்கு இடையிலும் அதற்குக் கீழேயும் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியாக, தட்டையாக ஒரு எலும்பு இருக்கிறதல்லவா? அதுதான் சேக்ரம். தமிழில் திருவெலும்பு என்று எழுதுகிறார்கள். லத்தீன் பெயருக்கு 'புனித எலும்பு' என்று பொருள். நம் ஆட்கள் அந்தப் புனிதத்தை ஒரு 'திரு'வில் அடக்கிவிட்டார்கள்.

பலர் இதை வால் எலும்பு என்கிறார்கள். வால் எலும்பு இதற்கும் கீழே, பிட்டப் பிளவுக்குள் முடியும் சின்ன முனை. படியில் வழுக்கி உட்கார்ந்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதுதான்.

திருவெலும்பு ஒரே எலும்பாகப் பிறப்பதில்லை. குழந்தையில் ஐந்து தனி முதுகெலும்புகளாக இருக்கும். விடலைப் பருவத்தில் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கி, இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ ஒரே முக்கோணத் துண்டாகிவிடும். அகலமான பக்கம் மேலே, கூர்முனை கீழே. இரண்டு வரிசையாக ஓட்டைகள் இருக்கும். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் அவற்றின் வழியே வெளியே வருகின்றன.

இதன் இருபுறமும் காது மடல்போல விரிந்து நிற்பவை இரண்டு இடுப்பெலும்புகள். நீங்கள் கை ஊன்றிய விளிம்பு இவற்றின் மேல்பகுதி. உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்தால் குத்தும் இரண்டு முட்டுகள், அதாவது உட்காரும் எலும்புகள், இவற்றின் கீழ்ப்பகுதி. முன்பக்கம், தொப்புளுக்கு நேர் கீழே, அடிவயிறு முடியும் இடத்தில் இரண்டு எலும்புகளும் கிட்டத்தட்ட சந்திக்கின்றன. நடுவில் 4, 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு குருத்தெலும்புத் தட்டு ஒட்டவைத்திருக்கும்.

ஆகப் பின்னால் திருவெலும்பு, பக்கங்களில் இரண்டு இடுப்பெலும்புகள், முன்னால் ஒரு குருத்தெலும்புப் பூட்டு. எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். இதைத்தான் பெல்விஸ் என்கிறோம். லத்தீனில் அதற்கு அகன்ற பாத்திரம் என்று பொருள். அடி திறந்த ஒரு அன்னக்கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். இனி இடுப்பு வளையம் என்றே சொல்கிறேன்.

வளையம் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணாடி வளையல் உடைந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்திலாவது உடையும். இடுப்பு வளையமும் அப்படித்தான். ஓரிடத்தில் எலும்பு முறிந்திருந்தால் டாக்டர்கள் இன்னோர் இடத்தையும் தேடுவார்கள். திடகாத்திரமான ஆளுக்கு அது உடையப் பெரிய விசை வேண்டும்: சாலை விபத்து, மாடியிலிருந்து விழுவது, அந்த மாதிரி. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்குத்தான் சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே முறிகிறது.

ஆப்பா, கயிற்றுக் கட்டிலா?

உடம்பின் மேல்பாதி எடை முழுக்க முதுகெலும்பு வழியாக இறங்கி திருவெலும்பின் தலையில் விழுகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து, இரண்டு இடுப்பெலும்புகள் வழியாகக் கால்களுக்குப் போகிறது. நடக்கும்போது தரையின் எதிர்விசை இதே வழியில் மேலே ஏறுகிறது. முக்கூட்டுச் சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் வேலை திருவெலும்புக்கு.

அது இடுப்பெலும்போடு சேரும் இரண்டு இடங்களை டாக்டர்கள் எஸ்.ஐ. ஜாயிண்ட் என்று சுருக்கிச் சொல்வார்கள். நாம் திருமூட்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தொட்ட அந்தக் குழிகளுக்கு உள்ளே, ஆழத்தில் இவை இருக்கின்றன.

இது எப்படித் தாங்குகிறது? மண்வெட்டிக் காம்பில் ஆப்பு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே அகலம், கீழே குறுகல். அடிக்க அடிக்க இறுகும். திருவெலும்பும் மேலே அகன்று கீழே குறுகியதுதான். எடை விழ விழ அது இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே இறுகுகிறது. பாதி விஷயம் இவ்வளவுதான்.

மீதிப் பாதியை நிறைய இடங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். திருவெலும்பை மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதாவது முன்னோக்கி நழுவுவதைத் தடுக்க ஆப்பு வடிவம் உதவாது, தலைகீழாக இருக்கிறது. ஆனால் நழுவவில்லையே, ஏன்? பின்பக்கத்திலிருந்து தசைநார்கள் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன. தசைநார் என்பது எலும்பையும் எலும்பையும் கட்டும் உறுதியான நார். பெயரில்தான் தசை, அதற்கும் தசைக்கும் சம்பந்தமில்லை, தானாகச் சுருங்காது. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் நேரடியாகப் போகும் தசைநார்க் கற்றைதான் இந்த மூட்டிலேயே மிக உறுதியானது.

இங்கே கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். யாரும் உட்காராதபோது கயிறு தளர்வாக இருக்கும். நடுவில் ஒருவர் உட்கார்ந்ததும் கயிறு விறைத்து, பக்கவாட்டுச் சட்டங்களை உள்நோக்கி இழுக்கும். கட்டில் பழையதாக இருந்தால் சட்டம் உள்ளே வளைவது கண்ணுக்கே தெரியும். திருவெலும்புதான் நடுவில் உட்கார்ந்திருப்பவர். தசைநார்கள் கயிறு. இடுப்பெலும்புகள் சட்டம். எடை கூடக் கூட இடுப்பெலும்புகள் உள்ளே இழுக்கப்பட்டு திருவெலும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. சுமையே பூட்டாக மாறுகிறது.

மூட்டின் பரப்பும் கூட்டு சேர்கிறது. குழந்தையில் அது வழவழப்பாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மேடும் பள்ளமுமாக மாறி, ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும். வயதான ஆண்கள் சிலருக்கு மூட்டின் சில பகுதிகள் எலும்பாகவே ஒட்டிவிடுவதும் உண்டு.

1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விளெமிங், ஸ்னைடர்ஸ் ஆகியோர் இதை இரண்டு பூட்டுகளாகப் பிரித்து விளக்கினார்கள். எலும்பின் வடிவமும் பரப்பின் மேடுபள்ளமும் தருவது வடிவப் பூட்டு. தசைகளும் தசைநார்களும் வெளியிலிருந்து அழுத்துவது விசைப் பூட்டு. பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தூக்கினால் நடுவில் உள்ள புத்தகம் விழாது. அது விசைப் பூட்டு. அடிவயிற்றின் உள்தசை, பிட்டத்தின் பெரிய தசை, முதுகின் அகன்ற தசை எல்லாம் அந்த உள்ளங்கை வேலையைச் செய்கின்றன. பேறுகாலத்தில் சிலருக்குக் கட்டச் சொல்லும் பெல்ட்டும் இதே தத்துவம்தான்: வெளியிலிருந்து ஒரு அழுத்தம்.

ஒரு தலையசைப்பு, அதுவும் அரைகுறையாக

சரி, இவ்வளவு கட்டிப்போட்டிருக்கும் எலும்பு அசையவே அசையாதா? அசையும். "ஆமாம்" என்று தலையாட்டுகிற மாதிரி.

முதுகெலும்பின் எடை திருவெலும்பின் மேல் விளிம்பில், மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் திருவெலும்பின் மேல்முனை முன்னோக்கிக் கீழே சாய்கிறது, வால்முனை பின்னோக்கி மேலே எழுகிறது. இந்த அசைவுக்கு நியூட்டேஷன் என்று பெயர், தலையசைத்தல் என்ற பொருளில். அதிகமாக எழாமல் வால்முனையைப் பிடித்து வைக்க, கீழே உட்காரும் எலும்புகளிலிருந்து இரண்டு பக்கமும் தடித்த தசைநார்கள் இருக்கின்றன. நின்றால் தலையசைப்பு. மல்லாந்து படுத்தால் எடை நீங்கி, திருவெலும்பு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அது எதிர்த் தலையசைப்பு.

எவ்வளவு? இங்கேதான் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். தோலுக்கு மேலே தொட்டு அளந்தால் தோலும் தசையும் ஏமாற்றிவிடும். அதனால் ஸ்வீடனில் ஸ்டுரெசன் குழுவினர் 25 நோயாளிகளின் எலும்புக்குள்ளேயே டாண்டலம் என்ற உலோகத்தின் குட்டிக் குண்டுகளைப் பதித்து, படுக்கவும் உட்காரவும் நிற்கவும் வைத்து, இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தார்கள். 1989-இல் முடிவு வெளிவந்தது. சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி. யாருக்கும் 4 டிகிரியைத் தாண்டவில்லை. நகர்வு சராசரியாக 0.7 மில்லிமீட்டர்.

சுவர்க்கடிகாரத்தின் நிமிட முள்ளைப் பாருங்கள். அது நிமிடத்துக்கு 6 டிகிரி நகர்கிறது. 25 நொடியில் அது நகரும் தூரம்தான் திருவெலும்பின் சராசரி அசைவு. 0.7 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன்.

அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. வலிக்கிற மூட்டுக்கும் வலிக்காத மூட்டுக்கும் அசைவில் வித்தியாசம் தெரியவில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: திருவெலும்பு இடுப்பு வளையத்தின் பின்சுவர், எடையைப் பிரித்து அனுப்பும் இடம். ஆப்பு மாதிரி இறுகி, கயிற்றுக் கட்டில் மாதிரி தொங்குகிறது. மிகக் கொஞ்சமாகத் தலையசைக்கிறது. அந்தக் கொஞ்சம் அதன் குறையல்ல, வேலையே அதுதான். வண்டியின் ஸ்பிரிங் கட்டை முழங்கைபோல மடங்கினால் வண்டி ஓடுமா?

அப்படியானால் 'இடுப்பு ஆடுவது' எங்கே?

கரகாட்டத்தில் இடுப்பு ஆடுகிறதே, குனிந்தால் இடுப்பு வளைகிறதே என்று கேட்பீர்கள். ஆடுவது முழு வளையம். அது இரண்டு தொடை எலும்புத் தலைகளின் மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்கிறது. மேலே கீழ் முதுகு அதற்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது. வளையத்துக்குள்ளே நடப்பது அந்த ஏடிஎம் கார்டு அளவு சங்கதி மட்டும்.

அன்னக்கூடை நிறையச் சோறு வடித்த கஞ்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்விளிம்பைத் தாழ்த்தினால் கஞ்சி முன்னால் வழியும். இது முன்சாய்வு, கீழ் முதுகின் குழிவு கூடும். பின்விளிம்பைத் தாழ்த்தினால் பின்னால் வழியும். இது பின்சாய்வு, குழிவு குறைந்து முதுகு தட்டையாகும். 'உங்களுக்கு முன்சாய்வு இருக்கிறது, அதனால்தான் வலி' என்று பயமுறுத்தும் வீடியோக்களைப் பார்த்து நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். வலியே இல்லாதவர்களை அளந்தபோதும் பெரும்பான்மையோருக்குக் கொஞ்சம் முன்சாய்வு இருந்திருக்கிறது. நிற்கும்போது திருவெலும்பின் மேற்பரப்பே தரைமட்டத்துக்குச் சுமார் 40 டிகிரி சாய்வில்தான் இருக்கிறது. மனித உடம்பு கட்டப்பட்டிருக்கும் விதம் அது.

குனிந்து தரையில் கிடக்கும் சாவியை எடுக்கிறீர்கள். பெரும்பாலும் முதலில் கீழ் முதுகு வளையும், போகப் போக வளையம் தொடை எலும்புகளின் மேல் முன்னால் உருளும். தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கு வளையம் சீக்கிரம் நின்றுவிடும், மீதியை முதுகு வளைந்து ஈடுகட்டும். பாதஹஸ்தாசனத்தில் கால்விரலைத் தொட முடியாமல், "இடுப்பு வளைய மாட்டேங்குது" என்கிறவர்களுக்கு இடுப்பில் ஒன்றும் குறையில்லை. தொடையின் பின்பக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

சம்மணம் போடுவதிலும் இதே கதை. தொடை எலும்பு குழிக்குள் நன்றாக வெளிப்பக்கம் சுழன்றால் முழங்கால் தாழும், வளையம் நிமிர்ந்து நிற்கும், உட்காரும் எலும்புகளின் மேல் எடை விழும். சுழலாவிட்டால் முழங்கால் காற்றில் நிற்கும், வளையம் பின்னால் சரியும், முதுகு கூனும். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பிக்கிறவர்கள் இவர்கள்தான். வகுப்பில் அவர்களுக்கு நான் ஒரு போர்வையை நான்காக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வைக்கச் சொல்வேன். பாதத்தில் இல்லை, முழங்காலில் இல்லை, பிட்டத்தின் பின்பாதிக்கு அடியில். வளையம் ஒரு விரற்கடை முன்னால் உருண்டதும் முதுகு தானாக நிமிர்வதைப் பார்க்கலாம்.

பரதநாட்டியத்தில் அரைமண்டியும் அப்படியே. பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்றால் அந்தச் சுழற்சி முதன்மையாகத் தொடை மூட்டிலிருந்து வர வேண்டும். குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறு. இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் தட்டிக் கும்பிட்டு ஆரம்பித்து, ஒரே அளவு பயிற்சி செய்து, ஒருத்திக்கு விரிவதும் இன்னொருத்திக்கு விரியாததும் சோம்பலால் அல்ல. விரியாததை விரித்துக்காட்ட முழங்காலைத் திருகுவதுதான் ஆபத்து.

நடையைப் பற்றி ஒன்று. ஒற்றைக்காலில் நின்று, இடுப்பு விளிம்பில் கை வையுங்கள். தூக்கிய காலின் பக்கம் வளையம் கீழே சரியப் பார்க்கும். நிற்கிற காலின் பக்கம், பிட்டத்தின் பக்கவாட்டில் ஒரு தசை இறுகி அதைத் தடுப்பதை விரலாலேயே உணரலாம். ஒவ்வொரு அடியிலும் இந்தத் தசை வேலை செய்கிறது. அது பலவீனமானால் நடை வாத்து மாதிரி ஆகிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் இதைக் கவனித்துச் சொன்னார், அவர் பெயரிலேயே இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து 'எலும்பு ஏறிடுச்சு' என்று சொல்லப்படுபவர்களில் சிலருக்கு உண்மையில் தளர்ந்திருப்பது இந்தத் தசைதான்.

பிள்ளைப்பேறு நேரத்தில்

அந்தக் கொஞ்சூண்டு அசைவு உண்மையிலேயே பெரிதாகப் பயன்படும் ஒரு நேரம் உண்டு. இடுப்பு வளையத்துக்கு மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு. திருவெலும்பு எதிர்த் தலையசைப்பில் பின்னால் போனால் மேல்வாசல் சற்று விரிகிறது, குழந்தையின் தலை உள்ளே இறங்க வசதி. தலையசைப்பில் வால்முனை பின்னால் எழுந்தால் கீழ்வாசல் விரிகிறது, வெளியே வர வசதி. மல்லாந்து படுத்தால் திருவெலும்பு படுக்கையில் அழுந்தி இந்த அசைவுக்கு இடம் குறைகிறது. முட்டிபோட்டோ, குத்தவைத்தோ, கையை ஊன்றித் தவழும் நிலையிலோ அது சுதந்திரமாக இருக்கும். அந்தக் காலத்தில் உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக் குத்தவைத்து முக்கச் சொன்ன கிழவிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் கை பழகியிருந்தது.

கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் தசைநார்களை இளக்குகிறது. முன்பக்கக் குருத்தெலும்புப் பூட்டு 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். அது இயல்பு. ரிலாக்சின் உச்சத்தில் இருப்பது முதல் மூன்று மாதங்களில், இடுப்பு வலி அதிகமாவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஆகவே 'ஹார்மோனால்தான் வலி' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கூடும் எடை, மாறும் நடை, தசைகளின் சோர்வு எல்லாம் சேர்கின்றன. கட்டிலில் புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு புரண்டால் பலருக்கு வலி குறைகிறது. வளையத்தின் இரண்டு பாதியும் ஒன்றாகத் திரும்புவதுதான் காரணம்.

சரி, 'விலகியது' என்ன?

விபத்தில் வளையம் உடைந்து திருமூட்டு பிளந்துபோவது உண்டு. அது அவசர சிகிச்சை, உலக்கை வேலை இல்லை. அரிசி மூட்டை நகர்த்தும்போது 'விலகியது' என்பது வேறு சங்கதி.

1998-இல் அதே ஸ்வீடனில் டுல்பெர்க் குழுவினர் 10 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கையால் பரிசோதித்து 'மூட்டு இடம் மாறியிருக்கிறது' என்று முடிவு செய்யப்பட்டவர்கள். சிகிச்சையாளர்கள் இழுத்து, தள்ளி, 'சரிசெய்தார்கள்'. மறுபடி கையால் தொட்டுப் பார்த்தால் நேராகிவிட்டதாகத் தோன்றியது. எலும்புக்குள் பதித்த குண்டுகளை எக்ஸ்ரேயில் அளந்தால், மூட்டின் நிலை மாறவே இல்லை. கை சொன்னது ஒன்று, எலும்பு சொன்னது வேறு.

அப்படியானால் 'கடக்'? மூட்டுகளுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென்று அழுத்தம் குறையும்போது வாயுக்குமிழி உண்டாவதோடு சேர்ந்து வரும் சத்தம், விரல் நெட்டி முறிக்கிற அதே சத்தம். எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் அல்ல. ஆனால் அந்த இழுப்புக்குப் பிறகு சிலருக்கு இதமாக இருப்பது பொய்யில்லை. இறுகிப் பிடித்த தசை தளர்கிறது, வலியை நரம்புகள் உணரும் விதம் சற்று நேரம் மாறுகிறது, பயம் போகிறது. அதோடு, திடீரென்று பிடிக்கும் கீழ் முதுகு வலி பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தானே தணியும் வகை. நான்கைந்து நாளில் சரியானதற்குப் பாதிப் பாராட்டு நாட்களுக்குப் போக வேண்டும்.

இந்த மூட்டின் மேல் பழி விழுவதும் நீங்குவதும் மருத்துவத்திலும் மாறி மாறி வந்திருக்கிறது. 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த கோல்ட்வெய்ட், ஆஸ்குட் இருவரும் எழுதிய பிறகு, கீழ் முதுகு வலி, காலில் இறங்கும் வலி என எதற்கும் திருமூட்டே காரணம் என்ற எண்ணம் பரவியது. 1934-இல் மிக்ஸ்டர், பார் இருவரும் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் காட்டினார்கள். எல்லோரும் தட்டுப் பக்கம் திரும்ப, திருமூட்டைப் பல காலம் ஏறக்குறைய மறந்தே போனார்கள். இப்போது நடுவில் நிற்கிறார்கள்: நாள்பட்ட கீழ் முதுகு வலிக்காரர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு வலியின் ஊற்று இந்த மூட்டாக இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மூட்டு வலிக்கலாம், அழற்சி கொள்ளலாம், தேயலாம். விலகத் தேவையில்லை. அந்த வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, நீங்கள் தொட்ட குழிக்குச் சற்றுக் கீழே இருக்கும். ஒரே விரலால் அந்த இடத்தைக் காட்டுவார்கள். பிட்டத்துக்கும் தொடைக்கும் பரவலாம். எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பதைவிட, மூட்டின் மேல் வெவ்வேறு விதமாக விசை கொடுத்து, எத்தனை முறை அதே வலி கிளம்புகிறது என்று பார்க்கும் சோதனைகள் நம்பகமானவை. உறுதிசெய்ய வேண்டுமானால் மூட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி போட்டு வலி நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம். இருபது, முப்பது வயதில், காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் கீழ் முதுகு இறுகி, உட்கார்ந்தால் கூடி, நடமாடினால் குறைந்தால், அது திருமூட்டில் ஆரம்பிக்கும் வாத அழற்சியாக இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இடுப்பு வலியோடு சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருவெலும்பின் ஓட்டைகள் வழியாக வரும் நரம்புகள் ஞாபகம் இருக்கிறதல்லவா? அவை மேலே எங்கேயோ நசுங்குகின்றன என்று அர்த்தம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். கயிற்றுக் கட்டில் வரைக்கும் ஆர்வமாகக் கேட்டார். டாண்டலம் குண்டு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அப்போ எனக்கு என்னதான் ஏட்டி விலகுச்சு?"

"ஒண்ணும் விலகலை பெரியம்மா. தசை பிடிச்சிருக்கும்."

"அவன் இடது பக்கம் ஏறியிருக்குன்னானே?"

நான் அவரை நிற்கவைத்து, கை ஊன்றச் சொல்லி, பின்னால் போய்க் கட்டைவிரல்களை அந்த இரண்டு குழிகளில் வைத்தேன். இடது குழி இம்மியளவு மேலேதான் இருந்தது. அப்புறம் என் குழிகளை அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எனக்கு வலது பக்கம் மேலே இருந்தது, எனக்கோ வலி கிடையாது.